பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி போடுவதும், கழற்றிய ஹார்ட் டிஸ்க்குக்கு வேறு வேலை கொடுப்பதும்

பவர் பட்டனை அழுத்திவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது, பிரவுசரைத் திறந்தால் அது தனியாக யோசிக்கிறது, ஓரத்தில் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது. இப்படி ஒரு கம்ப்யூட்டர் உங்களிடம் இருந்தால் தூக்கிப்போட அவசரப்படாதீர்கள். எட்டுப் பத்து வருடத்துக்கு முந்தைய பிராசசர்கூட இணையம், டைப்பிங், வீடியோ பார்ப்பது மாதிரியான வேலைகளுக்கு இன்றும் தாங்கும். திணறுவது உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்தான். அதைக் கழற்றிவிட்டு, தகவலைச் சிப்களில் சேமிக்கும் எஸ்எஸ்டி போட்டால் ஆளே மாறிவிடும். கழற்றிய டிஸ்க்கும் குப்பை இல்லை, ஆனால் அதற்கு எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். கேட்ட தகவல், அதைப் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் தலை சரியான தடத்துக்கு நகர்ந்தாக வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொரு தாவலுக்கும் 15 மில்லி செகண்ட் வாக்கில் போய்விடுகிறது. அதாவது ஒரு செகண்டுக்கு அறுபது எழுபது இடத்துக்கு மேல் அதனால் தாவ முடியாது. விண்டோஸ் எழுந்து வரும்போது கேட்பதோ அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, 0.1 மில்லி செகண்ட் அளவில் பதில் வந்துவிடும்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 'செகண்டுக்கு 550 எம்பி' என்பது ஒரே பெரிய ஃபைலைத் தொடர்ந்து படிக்கும் வேகம். அதில் பழைய டிஸ்க் 100 எம்பி தரும் என்றால் வித்தியாசம் ஐந்தாறு மடங்குதான். நாம் உணர்கிற மாற்றம் அதில் இல்லை, மேலே சொன்ன தாவலில் இருக்கிறது. அதனால் டிஸ்க்கை மாட்டும் உங்கள் போர்ட், சாட்டா என்ற இணைப்பின் பழைய வகையான சாட்டா 2 ஆக இருந்து, நடைமுறையில் 270 எம்பிக்கு மேல் போகாது என்றாலும் கவலையில்லை. 'போர்ட் பழசு, போட்டுப் பிரயோஜனமில்லை' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை. கம்ப்யூட்டர் முக்கிக்கொண்டிருக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று பிராசசர் பத்து இருபதில் சும்மா இருந்தால் குற்றவாளி டிஸ்க்தான். மெமரியும் 90க்கு மேல் நின்றால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். ரேம் நிரம்பியதும் மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதிப் படித்துக்கொண்டிருக்கும், 4 ஜிபி வைத்துக்கொண்டு இன்றைய பிரவுசரை ஓட்டுகிறவர்களுக்கு நடப்பது இதுதான். திறக்கிறதோடு திறக்கிறோம், இன்னொரு ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால் அதையும் நிரப்பிவிடுங்கள்.

முதலில் பழைய டிஸ்க்கின் உடம்பைப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் இதைக் கடைசியில் செய்கிறார்கள், அல்லது செய்வதே இல்லை. என்னைக் கேட்டால் முதல் வேலை இதுதான், ஏனென்றால் தகவலை எப்படி மாற்றுவது, அப்புறம் அந்த டிஸ்க்கை எதற்குப் பயன்படுத்துவது என்ற இரண்டையும் இதுதான் முடிவு செய்கிறது.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் எல்லாம் பட்டியலாக வரும். லினக்ஸில் டிஸ்க்ஸ் என்ற செயலியிலேயே பார்க்கலாம். பட்டியல் நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம், நமக்கு முக்கியம் மூன்று வரி: 5, 197, 198. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ வரிசை எண்ணைப் பதினாறடிமான முறையில் போடுவதால் அங்கே 05, சி5, சி6 என்று தேடுங்கள். 5 என்பது கெட்டுப்போய் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னக் கட்டங்கள்). 197 என்பது படிக்க முடியாமல் 'அப்புறம் பார்க்கலாம்' என்று நிறுத்தி வைத்திருப்பவை. 198 என்பது படிக்கவே முடியாது என்று கைவிட்டவை.

வலது ஓரத்தில் ரா வேல்யூ என்றொரு கட்டம் இருக்கும், பார்க்க வேண்டிய எண் அதுதான். அதுவும் பதினாறடிமானத்தில்தான் வரும், அதாவது கடைசியில் 10 என்று இருந்தால் அது பத்து இல்லை, பதினாறு. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சருக்குள் ரா வேல்யூஸ் என்று இருக்கும், அங்கே 10 என்பதைத் தேர்ந்தெடுத்தால் நமக்குப் பழக்கமான எண்ணாக மாறிவிடும்.

மூன்றும் பூஜ்ஜியம் என்றால் டிஸ்க் நன்றாக இருக்கிறது. 5இல் மட்டும் கொஞ்சம் எண்ணிக்கை இருந்து, அது ஏறாமல் அப்படியே நின்றால் ஓரளவு பரவாயில்லை, கண் வைத்துக்கொள்ள வேண்டும். 197இல் எண் இருந்தால் விஷயம் வேறு. அந்த டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. உடனே முக்கியமான ஃபைல்களை வேறெங்காவது எடுத்து வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இந்த நிலையில் 'செக்டிஸ்க் ஓட்டினால் சரியாகிவிடும்' என்று ஆலோசனை வரும், கேட்காதீர்கள். அது ஃபைல் அமைப்பைச் சீர்செய்கிற கருவி, சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் துருவித் துருவிப் படிக்க வைத்து மிச்ச உயிரையும் எடுத்துவிடும். முழு டிஸ்க்கையும் காப்பாற்றியாக வேண்டும் என்றால் லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று தொடர்ந்து சத்தம் வந்தால் அதுவும் வேண்டாம், அணைத்துவிடுங்கள்.

199 (சி7) ஏறியிருந்தால் பதற வேண்டாம், அது அநேகமாகக் கேபிள் கோளாறு. 9ஆவது வரி டிஸ்க் ஓடிய மொத்த மணி நேரம். ஒரு வருடத்துக்கு 8760 மணி நேரம், அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது

பழைய லேப்டாப்புக்குப் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான். இவை 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய ஹார்ட் டிஸ்க்குகள் பல 9.5 மில்லிமீட்டர். இடைவெளியை நிரப்பச் சில எஸ்எஸ்டியுடனேயே ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும், இல்லாவிட்டாலும் லேப்டாப்பின் டிஸ்க் தாங்கியில் நான்கு ஸ்க்ரூவும் உட்கார்ந்துவிட்டால் ஆடாது. டெஸ்க்டாப்பில் 3.5 அங்குல இடத்துக்கு ஒரு பிராக்கெட் வேண்டும், கிடைக்காவிட்டால் இரண்டு ஸ்க்ரூவில் நிறுத்தினாலும் போதும், உள்ளே எதுவும் சுழலப் போவதில்லை.

உள்ளே எம்.2 ஸ்லாட் இருந்தால் கொஞ்சம் நிதானம். சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் அந்த எம்.2 கார்டில் சாட்டா என்றும் என்விஎம்இ என்றும் இரண்டு சாதி உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று பல சமயம் போய் உட்கார்ந்தும் கொள்ளும், ஆனால் அந்த ஸ்லாட் அந்த வகையைத் தாங்காவிட்டால் வேலை செய்யாது. விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா, ஒன்று என்றால் என்விஎம்இ என்று சொல்வார்கள், அதுவும் எல்லா இடத்திலும் உண்மை இல்லை. மாடல் எண்ணைப் போட்டு சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பார்த்துவிடுங்கள். ரொம்பப் பழைய, அகலமான ரிப்பன் கேபிள் வைத்த ஐடிஇ மெஷின் என்றால் இந்தச் செலவே வேண்டாம்.

கொள்ளளவில் ஒரு குழப்பம் வரும். 500 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 465 என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். ஆனால் பழையது 500, புதியது 480 என்றால் அந்த 20 ஜிபி வித்தியாசம் குளோன் செய்யும்போது, அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் பிரதி எடுக்கும்போது, முட்டுக்கட்டையாக வந்து நிற்கும். இப்போது பயன்பாட்டில் இருக்கும் அளவைப் போல ஒன்றரை மடங்காவது வாங்குவது நல்லது, எஸ்எஸ்டியைக் கழுத்துவரை நிரப்பினால் எழுதும் வேகம் படுத்துவிடும்.

'எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடுமே' என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. தரமான 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டிபி (ஒரு டிபி என்பது ஆயிரம் ஜிபி) வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருவது சகஜம். தினம் 20 ஜிபி எழுதினாலும் அதைத் தொட நாற்பது வருடம் ஆகும். அதற்குள் அந்த லேப்டாப்பின் கீலே உடைந்திருக்கும். பயப்பட வேண்டியது பெயர் தெரியாத கம்பெனியின் நம்ப முடியாத பெரிய டிஸ்க்குகளைப் பார்த்துத்தான். 2 டிபி என்று காட்டும், உள்ளே இருப்பதோ சில பத்து ஜிபி, நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். சந்தேகம் இருந்தால் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3, இரண்டில் ஒன்றை ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இவற்றோடு ஒரு சாட்டா–யூஎஸ்பி கேபிளோ 2.5 அங்குல யூஎஸ்பி கேஸோ வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது எஸ்எஸ்டியை வெளியிலிருந்து இணைக்க உதவும், வேலை முடிந்ததும் பழைய டிஸ்க்குக்கு அதுவே வீடாகிவிடும்.

குளோனா, புதிதாகப் போடுவதா

பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் என்றால் என் ஓட்டு புதிதாகப் போடுவதற்குத்தான். எப்போதோ போட்ட டூல்பார், எடுத்த பிறகும் போகாத ஆன்டிவைரஸ் மிச்சம், பழைய பிரிண்டர் டிரைவர் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் புது வீட்டுக்குக் கொண்டுபோவதில் என்ன லாபம்? விண்டோஸ் 10 முதல் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகிவிடுகிறது, டிஸ்க்கை மாற்றினால் அது போகாது, இன்டர்நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். பழைய டிஸ்க்கையும் தொட வேண்டியதில்லை, அப்புறம் யூஎஸ்பியில் மாட்டி வேண்டிய ஃபைல்களை மட்டும் இழுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் பிராசசர் எல்லாம் பல பழைய மெஷின்களில் இருக்காது. எப்படியும் டிஸ்க் மாற்றுகிறோம், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் மாதிரி ஓர் இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. பிடிக்கவில்லையா, பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் பழையபடி இருக்கப் போகிறது.

குளோன் செய்ய வேண்டிய காரணமும் சிலருக்கு இருக்கும், மறுபடி போட முடியாத அலுவலக மென்பொருள், தொலைந்துபோன லைசென்ஸ் கீ, இப்படி. அப்படியென்றால் முதலில் முக்கியமான ஃபைல்களை மூன்றாவதாக ஓர் இடத்தில் பேக்கப் எடுங்கள். பவர் ஆப்ஷனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள், அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க ரெகவரி கீயை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரை முழுவதும் அணைத்து, டிக்ரிப்ட் ஆகி முடியும்வரை காத்திருங்கள். தாங்களாக ஆன் செய்ததே இல்லை என்று நினைக்கும் பலருடைய லேப்டாப்பில் இது கம்பெனியிலிருந்தே ஆன் ஆகி வந்திருக்கும்.

புதியது சிறியது என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் சி டிரைவை ஷ்ரிங்க் செய்து புதிய அளவுக்குள் கொண்டுவாருங்கள். இடம் இருந்தும் குறைய மறுத்தால் ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரிஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள், நடுவில் உட்கார்ந்துகொண்டு நகராத ஃபைல்கள் பெரும்பாலும் அவைதான்.

மென்பொருளுக்கு எஸ்எஸ்டி கம்பெனியின் தளத்தையே முதலில் பாருங்கள். சாம்சங் தன் டிஸ்க்குகளுக்கு டேட்டா மைக்ரேஷன் என்று ஒன்றைத் தருகிறது, குரூஷியல், டபிள்யூடி இரண்டும் அக்ரோனிஸின் ஒரு பதிப்பை இலவசமாகத் தருகின்றன. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் குளோன்ஜில்லா இருக்கிறது, பென்டிரைவில் போட்டு பூட் செய்ய வேண்டும், முகப்பு கறுப்பு வெள்ளைக் காலத்து ஆள், ஆனால் வேலையில் கெட்டி.

எதைப் பயன்படுத்தினாலும் ஒரே ஓர் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்: எதிலிருந்து, எதற்கு. இரண்டும் மாறிப்போனால் காலியான எஸ்எஸ்டி உங்கள் பல வருட ஃபைல்கள் மேல் குளோன் ஆகிவிடும், மென்பொருளும் ரொம்ப விசுவாசமாக அதை முடித்துத் தரும். முதல் டிஸ்க், இரண்டாவது டிஸ்க் என்ற வரிசையை நம்பாதீர்கள், பூட் ஆகும்போது வரிசை மாறலாம். டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் மாடல் பெயரையும் அளவையும் வைத்து அடையாளம் பாருங்கள்.

லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். 300 ஜிபி என்றால் யூஎஸ்பி 3 போர்ட்டில் ஒரு மணி நேரம் வாக்கில் முடியும், பழைய யூஎஸ்பி 2 என்றால் இரண்டரை மணி நேரத்துக்குத் தயாராக இருங்கள். நீல நிறம் உள்ள போர்ட் பெரும்பாலும் யூஎஸ்பி 3.

கழற்றி மாட்டுவது

இதுதான் எல்லாரும் பயப்படுகிற இடம், உண்மையில் இதுதான் இருப்பதிலேயே சுலபம். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள், முழுசாக அணையும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி உள்ளேயே இருந்தால் மூடியைத் திறந்தவுடன் முதல் வேலையாக அதன் கனெக்டரை எடுத்துவிடுங்கள். அப்புறம் பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடித்தால் மிச்சம் மீதி இருக்கும் மின்சாரமும் போய்விடும். ஒரு உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள்.

அடிப்பக்க ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டை இருந்த இடத்தில் போட்டு முறுக்கினால் கீபோர்டு பக்கம் முட்டிக்கொண்டு வரும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கோடாக வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்தில் குத்தி வைத்துவிடுங்கள். ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்டிக்கருக்கு அடியிலும் ஒன்று ஒளிந்திருக்கும், மூடி ஒரு மூலையில் மட்டும் வராமல் அடம்பிடித்தால் இழுக்காமல் அதைத் தேடுங்கள்.

டிஸ்க்கைப் பக்கவாட்டில் தள்ளித்தான் கனெக்டரிலிருந்து எடுக்க வேண்டும், மேலே நெம்பக் கூடாது. சுற்றியிருக்கும் தகரத் தாங்கியைக் கழற்றிப் புதியதில் அதே திசையில் மாட்டி, திரும்பத் தள்ளினால் முடிந்தது. சில மாடல்களில் காகிதம் போல மெல்லிய ரிப்பன் வரும், அதை மட்டும் பூப்போலக் கையாளுங்கள்.

டெஸ்க்டாப்பில் எல்-வடிவக் கனெக்டர், தப்பாகப் போகாது. பவர் சப்ளை ரொம்பப் பழசாகி சாட்டா பவர் கேபிள் இல்லையென்றால் மோலெக்ஸ் என்ற பழைய நான்கு முனை பவர் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் போடுவார்கள். அதில் தலை முழுவதும் ஒரே வார்ப்பாக உருக்கி ஊற்றிய வகை உருகித் தீப்பிடித்த கதைகள் நிறைய. கம்பிகள் தனித்தனியாக உள்ளே போவது கண்ணுக்குத் தெரிகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஐமேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: 2009 கடைசியிலிருந்து 2011 வரையிலான மாடல்கள் வெப்பநிலையை ஹார்ட் டிஸ்க்கிடமே கேட்பவை, டிஸ்க்கை மாற்றினால் ஃபேன் ஜெட் மாதிரி கத்தும், அதற்குத் தனி சென்சார் கேபிள் விற்கிறது.

குளோன் செய்த எஸ்எஸ்டியை முதல் தடவை பூட் செய்யும்போது பழைய டிஸ்க் எங்கேயும் இணைந்திருக்கக் கூடாது, யூஎஸ்பியிலும்கூட. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும், டெஸ்க்டாப்பில் இன்னும் மோசம், உங்களுக்கே தெரியாமல் பழையதிலிருந்தே பூட் ஆகிக்கொண்டிருக்கும். 'எஸ்எஸ்டி போட்டும் வேகம் வரவில்லை' என்று புலம்புகிறவர்களில் சிலருடைய கதை இதுதான்.

பூட் ஆகவில்லை என்றால் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் பூட் வரிசையையும், யூஇஎஃப்ஐ அல்லது லெகசி என்ற அமைப்பு முன்பு இருந்தபடியே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அங்கே சாட்டா மோட் ஐடிஇ (பழைய முறை) என்று இருந்தால் உடனே ஏஎச்சிஐக்கு (புதிய முறை) மாற்றக் கை பரபரக்கும், மாற்றத்தான் வேண்டும், ஆனால் அப்படியே மாற்றினால் நீலத் திரை வரும். முதலில் விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து சேஃப் பூட் டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு தடவை உள்ளே போய் அந்த டிக்கை எடுத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் ஜன்னலில் அது சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காட்டினால் அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் வேலையை விண்டோஸ் தானே பார்த்துக்கொள்ளும். ஃபைல் துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் டிஃப்ராக் மென்பொருள் வெளியிலிருந்து எதுவும் போட வேண்டாம்.

இனி பழைய டிஸ்க்

ஒரு மாதத்துக்கு அதை ஒன்றும் செய்யாதீர்கள். எஸ்எஸ்டி வந்த கவரில் போட்டு, மேலே தேதியை எழுதி, அலமாரியில் வைத்துவிடுங்கள். இதைவிட முழுமையான பேக்கப் உங்களிடம் எப்போதும் இருந்திருக்காது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, மெயில் செயலியின் பழைய கடிதங்கள், ஏதோ ஒரு விளையாட்டின் சேவ் ஃபைல், இதெல்லாம் விட்டுப்போனது இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் நினைவுக்கு வரும். முதல் நாளே ஃபார்மட் செய்துவிட்டு நிற்பதில் என்ன அவசரம்?

அப்புறம் ஸ்மார்ட் எண்களுக்குத் திரும்புங்கள். 197இல் எண் இருந்த டிஸ்க்குக்கு மறுவேலையே கிடையாது, நேராகக் கடைசிப் பத்திகளுக்குப் போய்விடுங்கள். நன்றாக இருப்பவற்றுக்கு என் முதல் சிபாரிசு பேக்கப் டிஸ்க். யூஎஸ்பி கேஸில் போட்டு, வாரம் ஒரு தடவை மாட்டி, காப்பி எடுத்து, கழற்றி வைத்துவிடுவது. வேகம் குறைவு என்பது இங்கே குறையே இல்லை, தினமும் சுழலாததால் தேய்மானமும் குறையும், கழற்றியே கிடப்பதால் வைரஸும் மின்னலும் அண்டாது. மின்சாரம் இல்லாமல் நீண்ட நாள் கிடக்கும் விஷயத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்தான் எஸ்எஸ்டியைவிட நம்பகம். நன்றாகத் தேய்ந்த எஸ்எஸ்டி பவர் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைத் தாங்கினால் போதும் என்பதுதான் வீட்டு உபயோக வகைக்கான ஜெடெக் தரநிலை. ஹார்ட் டிஸ்க்கை மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை ஓடவிட்டு எடுத்து வைத்தால் போதும்.

2.5 அங்குலம் என்றால் யூஎஸ்பி போர்ட்டிலேயே மின்சாரம் கிடைத்துவிடும். யூஎஸ்பி 2 தருவது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 900, அதனால் பழைய போர்ட்டில் சில டிஸ்க்குகள் கிளிக் கிளிக் என்று எழ முயன்று படுத்துவிடும். அது டிஸ்க் கோளாறு இல்லை, பசி. 3.5 அங்குலத்துக்கு 12 வோல்ட் வேண்டும், தனி அடாப்டர் வரும் கேஸாகத்தான் வாங்க வேண்டும். ஃபார்மட் செய்யும்போது விண்டோஸில் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், மேக்கிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32 வேண்டாம், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வைக்க முடியாது.

டெஸ்க்டாப் ஆட்களுக்கு இன்னும் எளிது. பழையதை இரண்டாவது டிஸ்க்காக உள்ளேயே விட்டுவிட்டு, பழைய விண்டோஸ் பார்ட்டிஷன்களை அழித்து, வீடியோ, இசை ஃபோல்டர்களை அதற்கு மாற்றிவிடலாம். லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிஸ்க்கை வைக்கும் கேடி என்ற சட்டம் கிடைக்கும். 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன், அளந்துவிட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டி அதன் சொந்த இடத்திலேயே இருக்கட்டும், டிவிடி பக்கத்து போர்ட் சில மெஷினில் மெதுவானது. எனக்கு இந்த ஏற்பாடு அவ்வளவாகப் பிடிக்காது, பேட்டரியைக் குடிக்கிறது, மடியில் அதிர்கிறது, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கையில் உள்ளே இன்னும் ஒரு தட்டு சுழன்றுகொண்டிருக்கிறது. இடம் வேண்டும் என்றால் செய்யுங்கள்.

ரவுட்டரில் மாட்டி வீட்டுக்கெல்லாம் பகிர்வது, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரோடு இணைப்பது எல்லாம் நல்ல பொழுதுபோக்கு, பவர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்று நடுவில் தேவைப்படும். ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் எழுதும் கேமரா ரெக்கார்டருக்கு லேப்டாப் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள், அது அதற்காகச் செய்யப்பட்டதில்லை. குழந்தையின் போட்டோக்களுக்கு ஒரே இடமாகவும் அதை வைக்காதீர்கள். இரண்டாவது காப்பி, மூன்றாவது காப்பி, திரும்ப டவுன்லோடு செய்துகொள்ளக்கூடிய படம், அந்த அளவோடு நிறுத்துங்கள்.

யாருக்காவது கொடுக்கவோ விற்கவோ போகிறீர்கள் என்றால் க்விக் ஃபார்மட் போதாது, அது அட்டவணையை மட்டும்தான் புதிதாக எழுதுகிறது, ஃபைல்கள் அப்படியே கிடக்கும், இலவச ரெகவரி மென்பொருளே மீட்டுவிடும். அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள், விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் அந்தப் பார்ட்டிஷன் முழுக்கப் பூஜ்ஜியத்தை எழுதுகிறது. அதனால் முதலில் எல்லாப் பார்ட்டிஷனையும் நீக்கி ஒன்றாக்கிவிட்டுச் செய்யுங்கள். 500 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் வாக்கில் ஆகும். 35 தடவை எழுதினால்தான் அழியும் என்பது 1996இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையை வைத்துப் பரவிய பேச்சு, அன்றைய டிஸ்க்குகளின் எழுத்துமுறைகளுக்காகச் சொன்னது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு தடவை போதும். எஸ்எஸ்டிக்கு இந்த வழி பொருந்தாது, அதை அழிக்க கம்பெனி மென்பொருளில் இருக்கும் செக்யூர் இரேஸைத்தான் பயன்படுத்த வேண்டும்.

எழுதவே முடியாத அளவுக்குக் கெட்டுப்போனதை உடைத்துவிட வேண்டியதுதான். மூடியின் ஸ்க்ரூக்கள் நட்சத்திர வாய் உள்ளவை, டி6 அல்லது டி8 டார்க்ஸ் வேண்டும், ஒன்று லேபிளுக்கு அடியில் மறைந்திருக்கும். 2.5 அங்குல டிஸ்க்கின் தட்டு பல சமயம் கண்ணாடி, வளைக்கப் போனால் தூளாகச் சிதறும், அதனால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, டிஸ்க்கைத் தடிமனான பைக்குள் போட்டுவிட்டு அடியுங்கள். 3.5 அங்குலத்தில் பெரும்பாலும் அலுமினியம், அது வளையும், கீறலாம், துளையும் போடலாம். தலையை ஆட்டும் கைக்குப் பக்கத்தில் பிறை வடிவில் இரண்டு காந்தம் இருக்கும், நியோடிமியம், இழுப்பு பயங்கரம். இரண்டையும் ஒரே கையில் எடுக்காதீர்கள், நடுவில் விரல் மாட்டினால் தோல் உரிந்துவிடும். பிரித்தெடுத்தால் ஸ்க்ரூ பிடித்து வைக்க அருமையாக உதவும். மிச்சமிருக்கும் சர்க்யூட் போர்டும் உலோகக் கூடும் வீட்டுக் குப்பையில் போகக் கூடாது, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.